பழைய லப்டொப்புக்கு வைபை போடேலுமோ?

கேள்வி: அண்ணா, பிரான்சில இருக்கிற மாமா போனமுறை வரேக்க தன்ர பழைய லப்டொப்பை எங்களிட்ட விட்டிட்டுப் போனவர். வின்டோஸ் 7 இருக்கு, நல்லா வேலை செய்யுது, ஆனா வைபை அடையாளமே காட்டேல்ல. தம்பி ஏ.எல் படிக்கிறான், பாட வீடியோவெல்லாம் சின்னப் போனில பார்த்துப் பார்த்துக் கண் நோகுது எண்டுறான். கிளிநொச்சியில ஒரு கடையில காட்டினம், கழட்டி உள்ளுக்கு வைபை கார்ட் போடோணுமாம். குடுக்கிறதோ?
- வாசகி, மல்லாவி

பதில்: இப்ப குடுக்காதேங்கோ தங்கச்சி. முதல்ல லப்டொப்பின்ர முன் விளிம்பையும் பக்கங்களையும் தடவிப் பாருங்கோ, அந்தக் காலத்து லப்டொப் கனக்கவில வைபைக்கெண்டே சின்னதா ஒரு தள்ளுற சுவிட்ச் இருக்கும், இல்லாட்டி மேல் வரிசையில அன்டெனா படம் போட்ட கீ ஒண்டு இருக்கும், அதை எப்.என் கீயோட சேர்த்து அமத்தோணும். பையுக்க வைச்சு எடுக்கேக்க அந்த சுவிட்ச் தட்டுப்பட்டு நிண்டுபோய், வைபையே இல்லையெண்டு நினைச்சு வருசக்கணக்கா மூலையில போட்டு வைச்ச லப்டொப்புகளை நான் கண்டிருக்கிறன்.

அதிலயும் சரிவரேல்லயெண்டா, லப்டொப்பில என்னென்ன பாகம் இருக்கெண்டு காட்டுற டிவைஸ் மனேஜரைத் திறந்து நெட்வேர்க் அடப்டர்ஸ் எண்ட இடத்தைப் பாருங்கோ. வயர்லெஸ் எண்டு ஒரு பேர் இருந்தா கார்ட் உள்ளுக்கு இருக்கு. மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டிருந்தா பெரும்பாலும் ட்ரைவர், அதாவது கார்டை வேலை செய்யவைக்கிற மென்பொருள், அதின்ர பிரச்சினைதான், அதுக்கு ஸ்க்ரூ ட்ரைவர் தேவையில்லை.

உண்மையிலயே கார்ட் இல்லையெண்டா யூஎஸ்பி வைபை அடப்டர் ஒண்டு வேண்டிக் கொழுவுங்கோ, நகமளவுதான் இருக்கும். வைபை அலைவரிசையில 2.4 கிகாஹேர்ட்ஸில வேலை செய்யிறது காணும், 5 கிகாஹேர்ட்ஸை விட அது சுவரைத் தாண்டி தூரம் போகும். ஆனா இதில ஒரு சிக்கல், ட்ரைவர் இறக்க நெற் வேணும், நெற் வர ட்ரைவர் வேணும். பெட்டியுக்க சீடி தருவினம், உங்கட சீடி ட்ரைவ் இப்ப வேலை செய்யுதோ தெரியாது. அதால லப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய், அங்கயே ட்ரைவர் போட்டு, நெற் வேலை செய்யிறதைக் கண்ணால பார்த்தாப் பிறகு காசைக் குடுங்கோ.

கழட்டவேண்டாம் எண்டு ஏன் இவ்வளவு சொல்லுறனெண்டா, வைபை இல்லாமல் வந்த லப்டொப்பில திரைக்குப் பின்னால போற அன்டெனா வயரும் இல்லாமல் இருக்கலாம், அப்ப கார்ட் போட்டும் சிக்னல் வராது. சில கம்பனியள் தாங்கள் அனுமதிச்ச கார்டை மட்டும்தான் பயொஸில, அதாவது ஓன் பண்ணினவுடன முதல்ல ஓடுற மென்பொருளில, ஏற்கவிடுவினம். நான் ஒருக்கா வேற லப்டொப்பின்ர நல்ல கார்ட் ஒண்டைக் கழட்டிப் போட்டிட்டு ஓன் பண்ண, அனுமதியில்லாத கார்ட் எண்டு 1802 எண்ட எரரோட கறுப்புத் திரையில அப்பிடியே நிண்டிட்டுது. திரும்பக் கழட்டி எடுத்தாப் பிறகுதான் மெசின் எழும்பினது.

அடப்டர் வேண்டும்வரை தம்பி காத்திருக்கத் தேவையில்லை. அன்ரொயிட் போனை சார்ஜ் வயரால லப்டொப்பில கொழுவி, செட்டிங்ஸில யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுங்கோ, போனின்ர டேட்டா இண்டைக்கே லப்டொப்புக்கு வரும். பிறகு அடப்டர் வந்து ஹொட்ஸ்பொட்டில பாவிக்கேக்க, போனில 2.4ஐயும், பாதுகாப்பு முறையில டபிள்யூபிஏ2ஐயும் தெரிவு செய்யுங்கோ, டபிள்யூபிஏ3 வின்டோஸ் 7க்கு விளங்காது.

இன்னொண்டு, எங்கட தகரக்கூரை வீடுகளுக்க சிக்னல் நல்லா மறிபடும், வெளியில 4 கோடு காட்டுற போன் உள்ளுக்க வந்தா 1க்கு இறங்கிடும். போனை யன்னலடியில வையுங்கோ. வயர் எட்டாட்டி யூஎஸ்பி எக்ஸ்டென்சன் ஒண்டு போடலாம், எல்லா வயரும் சேர்த்து 5 மீற்றருக்கு மேல போகவேண்டாம்.

வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட பாதுகாப்பு அப்டேட் நிண்டிட்டுது, க்ரோம் பிரவுசரும் 109ஆம் பதிப்போட நிண்டிட்டுது. 64 பிட் மெசினா, ரம் 4 ஜிபி இருந்தா, வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ற் எண்ட இலவச ஒப்பரேற்றிங் சிஸ்டத்தைப் போடுறது நல்லம். அதில கனக்க வைபை கார்ட்டுக்கு ட்ரைவர் ஏற்கனவே இருக்கும்.

கேள்வி: என்னட்ட இருக்கிறது எக்ஸ்பி லப்டொப். இதே அடப்டர் சரிவருமோ?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: எக்ஸ்பிக்கு ட்ரைவர் இருக்கெண்டு பெட்டியில போட்டிருந்தா சரிவரும், எக்ஸ்பியின்ர கடைசிப் பெரிய அப்டேட்டான சேர்விஸ் பக் 3 இருக்கோ எண்டும் பாருங்கோ. பக்கத்தில கார்ட் தள்ளுற துவாரம் இருந்து யூஎஸ்பி பழைய 1.1 எண்டா, அந்தத் துவாரத்துக்கான வைபை கார்ட்தான் வேகம். எண்டாலும் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட பாதுகாப்பு அப்டேட் நிண்டிட்டுது ஐயா, வங்கிக் கணக்கை மட்டும் அதில திறக்காதேங்கோ.