மினிடிவி கேசட்டை மஞ்சள் வயரில் மாற்றாதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். 2005-இல் சேலத்தில் நடந்த எங்கள் கல்யாணம் நான்கு மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ டேப்) கேசட்டில் இருக்கிறது. அதை எடுத்த மாமாவின் கேமராவும் இன்னும் ஓடுகிறது. ஒரு கேசட்டைக் கடையில் கொடுத்து பென்டிரைவில் வாங்கினோம். ஆள் அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறது. கேசட் கெட்டுவிட்டது, 4கே-வுக்கு மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். அந்தக் கோட்டுக்கும் கேசட்டுக்கும் சம்பந்தமில்லை. மினிடிவி கெட்டால் படம் சதுரம் சதுரமாகத் தெறிக்கும். நம் ஊர் பால் (PAL) வீடியோ முறையில் ஒரு நொடிக்கு 50 அரைப்படம் பதிவாகும், இரண்டிரண்டு சேர்ந்துதான் ஒரு முழுப்படம். அந்த இரண்டுக்கும் நடுவில் தாலி கட்டும் கை நகர்ந்திருக்கும் இல்லையா, அதுதான் சீப்பாகத் தெரிகிறது. மென்பொருளில் டீஇன்டர்லேஸ், அதாவது அரைப்படங்களைப் பிரித்து முழுப்படமாக்கும் வேலை, செய்தால் போய்விடும். 4கே செய்தால் அதே சீப்பு பெரிதாகும், பில்லும் பெரிதாகும்.

உங்கள் கடைக்காரர் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் சொருகி, வீடியோ பிடிக்கும் யூஎஸ்பி குச்சியில் பிடித்திருப்பார் என்றே நினைக்கிறேன். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். மினிடிவி கேசட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அதை அனலாக் ஆக்கி, மறுபடி டிஜிட்டல் ஆக்கி, அதையும் நசுக்கித் தருகிறார்கள். கேமராவின் ஓரத்தில் டிவி (DV) அல்லது ஐலிங்க் (i.LINK) என்று எழுதிய சின்ன நான்கு பின் துளை இருக்கும். அந்தத் துளைக்கான ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் கேபிளில் அங்கிருந்து எடுத்தால், கேசட்டில் இருப்பது அப்படியே ஃபைலாக வரும். பக்கத்திலுள்ள யூஎஸ்பி துளை பெரும்பாலும் போட்டோ எடுக்கத்தான்.

ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஃபயர்வயர் என்று மலிவாக ஒரு கேபிள் விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பாஷை, வெறும் கம்பி மொழிபெயர்க்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போட்ட டெஸ்க்டாப் வேண்டும். கேபிள் சொருகும்போது கேமரா, கம்ப்யூட்டர் இரண்டும் அணைந்திருக்கட்டும். துளை எரிந்தால் இன்று யார் சரிசெய்வார்கள்? கம்பெனிக்காரர்கள் ஊரெல்லாம் இந்தக் கேமராவை விற்றுவிட்டு, ஃபயர்வயர் துளையை ஒவ்வொரு கம்ப்யூட்டராக எடுத்துவிட்டார்கள். 2025-இல் வந்த ஆப்பிளின் மேக் ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவே கிடையாது. கல்யாணம் ஒரு தடவைதான் நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாதா?

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முகூர்த்தம் நீண்டால் கேசட் மிச்சம் பிடிக்க எல்பி-யில் (LP, டேப்பை மெதுவாக ஓட்டும் முறை) ஓட்டியவர்கள் உண்டு. 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் கொள்ளும். ஆனால் அதில் தடம் குறுகல். சாதாரண ஓட்டமான எஸ்பி-யில் (SP) 10 மைக்ரான், எல்பி-யில் 6.7. வேறு கேமராவில் போட்டால் படம் உடையும், சத்தம் விட்டுவிட்டு வரும். போட்டுப் பார்க்கும்போது திரை மூலையில் எல்பி என்று வந்தால், மாமாவின் அந்தக் கேமராவிலேயே எடுங்கள். எல்லாம் முடியும்வரை அதைப் பழைய சாமான் விலைக்குப் போட்டுவிடாதீர்கள். கடையில் கொடுத்தாலும் கேசட்டோடு கேமராவையும் கொடுங்கள்.

ஏற்காட்டு ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே சுருளைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக இருந்தால் கேமராவில் போடக்கூடாது, டேப்பைப் படிக்கும் ஹெட்டும் போகும், அடுத்த கேசட்டும் போகும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த கையோடும் ஓட்டாதீர்கள். மலைக்குளிரில் இருந்த மெஷின் சேலத்து வெயிலில் உள்ளே வியர்க்கும், டேப் உள்ளே சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் கவரில் கட்டியபடியே இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

கடையில் கொடுப்பதானால் “டிவி ஏவிஐ (DV AVI) ஃபைல் வேண்டும்” என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வர வேண்டும். ஒன்று, இரண்டு ஜிபிதான் வந்தால் நசுக்கிவிட்டார்கள், காசு கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரக் கேசட்டை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். நான்கையும் பத்து நிமிடத்தில் தருகிறேன் என்பவரிடம் கேசட்டைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.