மரத்தடியில் பேவர் பிளாக் போடலாமா? கேள்வி பதில்

காவிரிப் படுகையில் வாசலையும் கொல்லையையும் பேவர் பிளாக் கொண்டு மூடுவது பெருகிவிட்டது. வீட்டில் மரம் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கும்பகோணம்: வாசலில் ஒன்றரை அடி குறுக்களவுள்ள வேப்பமரம் நிற்கிறது. பேவர் பதிக்க முக்கால் அடி தோண்டணும் என்கிறார் வேலை செய்பவர். மரத்துக்கு ஏதாவது ஆகுமா சார்?

ஆகும் சார், தோண்ட விடாதீர்கள். வேரெல்லாம் ஆழத்தில் இருக்கிறது, மேலே கொத்தினால் என்ன என்று நினைத்துத்தான் பலர் மரத்தை இழக்கிறார்கள். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேலே ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கும். நம் களிமண்ணில் காற்றுக்காக இன்னும் மேலேயே படரும். கிளைகளின் எல்லையைத் தாண்டியும் போகும்.

அடிமரக் குறுக்களவைப் போல 12 மடங்கு தூரம் வரை வேரின் இடம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் மரத்துக்கு அது 18 அடி. வாசலே அவ்வளவுதான் இருக்கும், தெரியும். அதற்குள் பேவரே கூடாது என்று சொல்லவில்லை, தோண்டாமல் போடுங்கள் என்கிறேன். அடிமரத்தை ஒட்டி நாலைந்து அடி மட்டும் வெறும் மண்ணாகவே இருக்கட்டும்.

அதே வாசகர்: தோண்டாமல் எப்படிப் போடுவது?

புல்லையும் சருகையும் கையால் எடுத்துவிட்டு, மண்மேல் ஜியோ துணி விரியுங்கள். சாலை வேலைக்கு விரிப்பார்களே, தண்ணீர் இறங்கும் கெட்டித் துணி, அதுதான். பாலிதீன் ஷீட் வேண்டவே வேண்டாம். துணிமேல் தூள் கலக்காத முக்கால் அங்குல ஜல்லி, மூன்று, நான்கு அங்குல உயரத்துக்கு. அதற்கு மேல் கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி, ஒன்றரை அங்குல உயரத்துக்கு. பிறகு 60 மி.மீ. பேவர். கல்லுக்குக் கல் சற்று இடைவெளி விட்டு, அதிலும் பொடிச் சிப்ஸையே நிரப்புங்கள். கிரஷர் தூளோ எம்-சாண்டோ போட்டால் நாளடைவில் இறுகி, தண்ணீர் இறங்குவது குறைந்துவிடும். அடியில் கான்கிரீட் போடும் பேச்சே வேண்டாம்.

தரை அரை அடிக்கு மேல் உயரும் என்பதால் கதவு, வாசல்படி உயரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பேவர் நகராமல் பிடிக்கும் கெர்ப் கல் பதிக்க வாய்க்கால் வெட்டுவார்கள், அதிலேயே பாதி வேர் அறுந்துவிடும். இரும்பு ஆங்கிளை முளையடித்து நிறுத்தினால் போதும். முளை வேரில் இடித்தால் அரை அடி தள்ளி அடியுங்கள்.

இது நடக்கிற தளத்துக்கான கணக்கு. கார் ஏறினால் தாங்காது, காரை வேறு பக்கம் நிறுத்துங்கள்.

திருவாரூர்: தரையை அதிர்ந்து அமுக்கும் பிளேட் காம்பாக்டர் இயந்திரத்தை ஓட்டாவிட்டால் தரை உள்வாங்கும், தான் பொறுப்பில்லை என்கிறார் கான்ட்ராக்டர்.

கார் நிற்கும் தளத்துக்கு அவர் சொல்வது சரி. மரத்தடியில் கூடாது. களிமண்ணை, அதுவும் ஈரமாக இருக்கும்போது அமுக்கினால் மண்ணுக்குள் இருக்கும் காற்றறைகள் மூடிக்கொள்ளும். வேருக்கு மூச்சு அதில்தான். ஜல்லியைத் திமிசுக் கட்டையால் தட்டினாலே நடைபாதைக்குப் போதும். அங்கங்கே கொஞ்சம் இறங்கினால் கல்லை எடுத்துச் சிப்ஸ் போட்டுச் சமன் செய்துகொள்ளலாம். வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும்போது செய்யுங்கள். மரநிழலில் சிமெண்ட் கலப்பதையும் ஜல்லி லாரி நிறுத்துவதையும் தடுத்துவிடுங்கள்.

ஒரத்தநாடு: கஜா புயலில் தப்பிய இரண்டு தென்னை கொல்லையில் இருக்கிறது. அதைச் சுற்றி?

தென்னை வேர் மற்ற மரவேர் போலப் பருக்காது, அதனால் கல்லைத் தூக்காது. ஆனால் தண்ணீர் கட்டவும் உரம் வைக்கவும் 6 அடி ஆர வட்டப்பாத்தி வேண்டும். அந்த வட்டத்துக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே. அது காய் விழும் இடம், அதனால் நடைபாதை அந்தப் பக்கம் வராமல் பாருங்கள்.

மன்னார்குடி: வாதாமரத்து வேர் பேவரைத் தூக்கிவிட்டது. வேரை வெட்டலாமா?

முதலில் கல்லை எடுத்துப் பாருங்கள் தம்பி. நம் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அந்த மேடுபள்ளத்துக்கும் பழி வேர்மேல்தான் விழுகிறது. வேரேதான் என்றால், கட்டைவிரல் பருமன் வரை ரம்பத்தால் சுத்தமாக அறுக்கலாம். மணிக்கட்டுப் பருமனைத் தொடாதீர்கள், அது மரத்தைத் தாங்கும் வேர். 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது வேரோடு சாய்ந்த மரங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். தாங்கு வேரை அறுத்த மரம் அப்படியொரு காற்றுக்கு எப்படி நிற்கும்? வேருக்கு மேலே இருக்கும் கல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தை மண்ணாக விட்டுவிடுங்கள். வாதாமரத்து வேர் மேலோட்டமாகப் பருக்கும் சாதி, இன்னும் தூக்கும்.

நாகப்பட்டினம்: கல் இடுக்கில் முளைக்கும் புல்லுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றலாமா?

வேண்டாம் அம்மா. மழையில் கரைந்து வேருக்குத்தான் போகும். கையால் பிடுங்குங்கள்.

பாபநாசம்: பேவரோடு சேர்த்து, கோயில் வேம்புக்கு இருப்பது போல உட்கார மேடை கட்டி மண் நிரப்ப ஆசை.

மரம் சின்னதாக இருக்கும்போதே எழுப்பிய மேடை வேறு. வளர்ந்த மரத்தின் அடிப்பகுதி விரிந்து மண்ணில் இறங்குமே, அது வெளியே தெரிய வேண்டும். அதை மண்ணால் மூடினால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும், பழைய வேருக்கும் காற்று குறையும். உட்கார இடம்தானே வேண்டும்? மரத்திலிருந்து தள்ளி இரண்டு கல் தூண் வைத்து, மேலே பலகைக்கல் போடுங்கள்.

திருவையாறு: மூன்று வருஷம் முன் மாமரத்து அடிவரை பேவர் போட்டுவிட்டோம். இப்போது நுனிக்கிளைகள் காய்கின்றன. காப்பாற்ற முடியுமா?

முயலலாம் அக்கா. வேர் அடிபட்டால் மேலே தெரிய சில வருஷம் ஆகும், அதனால்தான் பலருக்குக் காரணம் புரிவதில்லை. தண்டிலிருந்து குறைந்தது ஐந்தாறு அடிக்குக் கல்லையும் அடியிலுள்ள தூளையும் எடுத்துவிடுங்கள். கடப்பாரை வேண்டாம், கையால் நெம்பினாலே வரும். மட்கிய எருவை மெல்லியதாகப் பரப்பி, மேலே சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை நன்றாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள். மழையில் தேங்க விடாதீர்கள். உயிர் பிரிந்த கிளையை மட்டும் கழியுங்கள், பச்சைக் கிளையில் கை வைக்க வேண்டாம். வேர் மறுபடி பரவ ஓரிரண்டு வருஷம் பிடிக்கும். அதற்குள் காய்ப்புக் குறைந்தது என்று வெட்ட ஆள் கூப்பிட்டுவிடாதீர்கள்.