பதில்: இம்பாலில் ஸ்லிம் பின்வாங்கியது கோழைத்தனமா?

நண்பரே, 1944 இம்பால் போர் பற்றி செமினார் தருகிறீர்கள், "பர்மாவின் சிண்ட்வின் ஆற்றங்கரையிலேயே ஜப்பானியரைத் தடுக்காமல் பிரிட்டிஷ் 14ஆம் படையின் தளபதி ஸ்லிம் ஏன் பின்வாங்கினார்?" என்று பேராசிரியர் மடக்கிவிட்டார். சரி, படையை விட்டுவிட்டுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஜப்பானிய 15ஆம் படை ஏறக்குறைய மூன்று வார உணவோடுதான் ஆற்றைக் கடந்தது. இம்பாலைப் பிடித்து, அங்கிருக்கும் கிடங்குகளில் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் தளபதி முட்டகுச்சியின் கணக்கு. என்ன துணிச்சல் பாருங்கள்! ஆற்றோரம் சண்டை போட்டிருந்தால் மலைப்பாதையில் உணவும் குண்டும் சுமக்க வேண்டியவர் ஸ்லிம். இம்பால் சமவெளிக்கு வந்ததும் அந்தத் தலைவலி எதிரிக்குப் போனது. சமவெளியில் விமானத் தளங்கள் இருந்தன, டாங்கிகளும் ஓடின. மார்ச் கடைசியில், இம்பாலை வடக்கே கொஹிமாவோடு இணைக்கும் சாலை துண்டிக்கப்பட்டும் நகரம் விழாததற்கு வான்வழி விநியோகமே காரணம். பர்மாவின் மேற்குக் கடலோரமான அரக்கானில் இருந்த 5ஆவது இந்திய டிவிஷனையே பீரங்கி, கோவேறு கழுதையோடு விமானத்தில் கொண்டுவந்தார்கள்.

ஆனால் திட்டம் கச்சிதம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கேதான் மறுபடி மாட்டுவீர்கள். இம்பாலுக்குத் தெற்கே, பர்மாவின் டிட்டிமிலிருந்த ஸ்லிமின் 17ஆவது டிவிஷனுக்குப் பின்வாங்கும் உத்தரவு தாமதமாகப் போனது. அது வழிநெடுக சண்டையிட்டே திரும்பியது. கொஹிமாவுக்கு டிவிஷனின் ஒரு பகுதியான ஒரு ஜப்பானிய ரெஜிமென்ட்தான் வரும் என்று ஸ்லிம் நினைத்தார், வந்தது முழு 31ஆவது டிவிஷன்.

அப்புறம், துண்டிக்கப்பட்ட அந்த இம்பால்-கொஹிமா சாலை மீண்டும் திறந்த தேதி ஜூன் 22. அதை ஸ்லைடில் போட்டுவிடுங்கள்.