ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பிள்ளைகள்: வகுப்பறைக்கு எங்கே போவது?

கேள்வி: மதுரையில் ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. இந்த வருஷம் முதல் இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். ஹால் முழுக்கப் புத்தகம். மாமனார் டிவி போட்டுவிட்டால் மகளுக்குக் கணக்கு ஓடுவதில்லை. பெரிய வீடு பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சிக்கல் இடத்தைவிட நேரத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் எந்த மூலை எப்போது சும்மா கிடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சமையல் முடிந்து பத்தரை மணிக்கு அடுப்படி காலி. படுக்கையறை பகல் முழுக்கக் காலி. மதுரை வெயிலுக்கு மொட்டை மாடி காலை எட்டு மணி வரைதான். இதில் மாமனாரின் டிவி நேரத்தையும் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கணக்கும் இலக்கணமும் டிவிக்கு முன்னால். படம் வரைவது, வெட்டி ஒட்டுவது, அட்லஸ் புரட்டுவது எல்லாம் சத்தத்திலும் நடக்கும். பள்ளிக்கூடம் மாதிரி ஆறு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். வருகைப்பதிவு, வரிசை, அதட்டல் என்று வகுப்பில் கரையும் நேரம் உங்களுக்கு மிச்சம். என் அனுபவத்தில் ஏழு வயதுப் பையனுக்குத் துண்டு துண்டாக ஒன்றரை மணி நேரம், மகளுக்கு மூன்று மணி நேரம் போதும்.

அப்புறம் அந்தப் புத்தகக் குவியல். ஆளுக்கு ஒரு மூடி போட்ட பெட்டி கொடுங்கள். பழைய டிரங்குப் பெட்டியும் சரிதான். இந்த வாரத்துப் புத்தகம், நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், பரீட்சை அட்டை மட்டும் அதில் இருக்கட்டும். மற்றதெல்லாம் பரணுக்கு. பாடம் முடிந்ததும் பெட்டி கட்டிலுக்கு அடியில் போக வேண்டும், அதைத் தள்ளுவது பிள்ளைகளின் வேலை. முதல் இரண்டு வாரம் நீங்கள் கத்தத்தான் வேண்டியிருக்கும்.

கட்டிலில் குப்புறப் படுத்து எழுதும் பழக்கம் மட்டும் வேண்டாம். பாயில் சம்மணமிட்டு, முன்னால் கணக்குப்பிள்ளை மேசை போல ஒரு சாய்வு மேசை வைத்தால் கழுத்து தப்பிக்கும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். வலது கைக்காரர்களுக்கு ஜன்னல் இடப்பக்கம் வந்தால் கை நிழல் எழுத்தின்மேல் விழாது. (திண்ணைப் பள்ளிக்கூடத்தில் திண்ணையும் மணலும்தானே இருந்தன! ஆனால் பிரம்பும் இருந்தது, அதை விட்டுவிடுவோம்.)

வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாது. இரும்பு பீரோ இருக்கிறதா? அதன் பக்கவாட்டில் காந்தம் ஒட்டும்; வாய்ப்பாடு, வரைபடம் எல்லாம் அங்கே மாட்டலாம். பீரோ கண்ணாடியில் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதித் துணியால் துடைக்கலாம். அறிவியலுக்கு அடுப்படி இருக்கிறது: மஞ்சள் கரைத்த தண்ணீரில் சோப்புக் கரைசலை விட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். காரம், அமிலம் என்று விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வாரம் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே போங்கள். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. குளிர்ந்த அறை, நல்ல நாற்காலி. இதற்காகவா வாடகையைக் கூட்டிக்கொள்ளப் பார்த்தீர்கள்?

நீங்கள் கேட்காத ஒன்று. பத்தாம் வகுப்பை என்ஐஓஎஸ் எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதுவதாக இருந்தால் மகளுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆகவே அவசரமில்லை. அறிவியல் செய்முறைக்கும் அவர்களின் படிப்பு மையம் இருக்கிறது. வீட்டில் ஆய்வகம் வைக்க வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம்.