கையெழுத்து வாங்குவதா, கதவைத் தட்டுவதா? கூட்டுப் போராட்டம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 200 வீடுகள். தண்ணீர் சரியாக வருவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கொதிக்கிறார்கள், கூட்டம் போட்டால் 9 பேர்தான் வருகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: குழுவில் விழும் கட்டைவிரலை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டதில்தான். ஆள் வருவது நேரில் போய்ப் பேசினால் மட்டுமே. வந்த 9 பேரோடு இன்னொருவரைச் சேர்த்து, ஆளுக்கு 20 வீடு பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம். அதில் 20 நிமிடமாவது அவர்கள் பேச வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும். எது அதிகம் கஷ்டம், இதுவரை என்ன செய்து பார்த்தார்கள், யார் நினைத்தால் இது மாறும் என்று நினைக்கிறார்கள், இந்த வரிசையில் போங்கள். கடைசியில் ஒரு வேலை கேளுங்கள். "முடிஞ்சா வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் வரமாட்டார்கள். "சனிக்கிழமை 6 மணிக்கு எதிர்வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வரீங்களா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சங்கடமான நாலைந்து நொடி மௌனம் வரும். புதிதாக இறங்குபவர்கள் அதைத் தாங்க முடியாமல் "பரவால்ல, பாத்துக்கலாம்" என்று தாங்களே அவர்களை விடுவித்துவிடுகிறார்கள்! "பார்க்கலாம்" என்ற பதிலை "இல்லை" என்றே குறித்துக்கொள்ளுங்கள். வருகிறேன் என்றவர்களில் பாதிதான் வருவார்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது. 40 பேர் வேண்டுமானால் 80 பேரின் உறுதி வேண்டும், முந்தின நாள் ஒரு நினைவூட்டல் அழைப்பும் வேண்டும்.

கேள்வி: நன்றாகப் பேசுகிற ஒருவர் இருக்கிறார். அவரையே தலைவராகப் போட்டுவிடலாமா தோழர்?

பதில்: அவசரப்படாதீர்கள். வீடுவீடாகப் போகும்போது "ஒரு சந்தேகம்னா யார்கிட்ட கேப்பீங்க?" என்று எல்லாரிடமும் கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர் பெரும்பாலும் மைக் பிடிக்கிறவருடையதாக இருக்காது. அந்த ஆளிடம் சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள்: மூன்று நாளில் பத்துக் கையெழுத்து. கொண்டுவந்தால் அவர்தான். மைக் பிடிக்கிறவருக்கும் வேலை இருக்கிறது, மேடையில்.

கேள்வி: மனுவில் 14 கோரிக்கைகள் எழுதியிருக்கிறோம். ஒன்றையும் விட மனமில்லை.

பதில்: பதினான்கு கொடுத்தால், செலவில்லாத இரண்டை அவர்களே பொறுக்கி நிறைவேற்றிவிட்டு "செய்துவிட்டோமே" என்பார்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். "தண்ணீர் விநியோகத்தைச் சீராக்குக" என்பது கோரிக்கையே அல்ல. "தினமும் காலை 6 முதல் 8 வரை தண்ணீர், இந்தத் தேதியிலிருந்து" என்பது கோரிக்கை. ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி இருக்க வேண்டும். ஆம் சொல்லும் அதிகாரம் உள்ளவரிடமே கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கு முன் இருக்கைகளை ஒதுக்கிய பேருந்துகளைக் கறுப்பின மக்கள் 1955இல் புறக்கணிக்கத் தொடங்கியபோது, இனப் பிரிவினை ஒழிக என்று கேட்கவில்லை. மரியாதையாக நடத்துவது, முதலில் வந்தவருக்கு இருக்கை, கறுப்பினப் பயணிகள் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர் என்ற மூன்றுதான். அதற்கே மறுப்பு வந்ததும், பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்து வழக்குப் போட்டார்கள்.

கேள்வி: பசங்க நேரா மறியல்னு நிக்கிறாங்க. தடுக்கிறதா, விடறதா?

பதில்: கணக்குக் கேளுங்கள். முதல் படி கையெழுத்து. மொத்த ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து விழாதவரை அந்த மனுவை வெளியே காட்டாதீர்கள். நம் பலவீனத்தை நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அடுத்து, ஒரே நாளில் எல்லாரும் ஒரே நிறப் பட்டை அணிவது போல, கண்ணுக்குத் தெரிகிற, ஆபத்துக் குறைந்த ஒன்று. கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அணிந்தார்கள் என்று எண்ணுங்கள். எந்தத் தளத்தில், எந்தத் தெருவில் ஆள் குறைகிறதோ அங்கே திரும்பப் போய்ப் பேசுங்கள். மான்ட்கோமரியிலும் முதலில் அறிவித்தது 1955 டிசம்பர் 5 அன்று ஒரே ஒரு நாள்தான். பேருந்துகள் காலியாக ஓடியதைப் பார்த்த பிறகு, அன்று மாலைக் கூட்டத்தில்தான் தொடர்வது என்று முடிவாயிற்று. அது 381 நாள் நீண்டது. சுமார் 300 கார்களை வைத்து, ஏறும் இடம் இறங்கும் இடம் குறித்து, ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய் விட்டதால்தான் நீண்டது. உங்கள் பசங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இரண்டாம் நாள் வருமானத்துக்கு, சாப்பாட்டுக்கு, வழக்கறிஞருக்கு என்ன ஏற்பாடு?

கேள்வி: வசூல் பணம்?

பதில்: ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, வாரம் ஒருமுறை எல்லார் கண்ணிலும் படும்படி வரவு செலவு. ஒருவரே பாதித் தொகையைத் தருகிறேன் என்றால் நாசூக்காக மறுத்துவிடுங்கள்.

கேள்வி: "இரண்டு பேர் மட்டும் பேச வாங்க" என்று மேலிடம் கூப்பிடுகிறது. போகலாமா?

பதில்: போங்கள், ஆனால் ஐந்து பேராக. ஒருவர் பேச, ஒருவர் எழுத, மற்றவர்கள் சாட்சி. அறைக்குள் எதற்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. "எல்லாரிடமும் கேட்டுச் சொல்கிறோம்" என்பதே பதில். "பரிசீலிக்கிறோம்" என்றால் "எந்தத் தேதிக்குள்?" என்று கேட்டு, பேசியதை அன்றே எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களின் பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை அடுத்த நடவடிக்கையின் தேதியைத் தள்ளிவைக்காதீர்கள்.

கேள்வி: முதல் கையெழுத்துப் போடவே பயப்படுகிறார்கள். பழிவாங்கினால் என்ன செய்வது?

பதில்: "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏதாவது ஆனால் அத்தோடு உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். தனித்தனியாகக் கூப்பிட்டு மிரட்டுவார்கள், ஒருவருக்கு மட்டும் சலுகை தருவார்கள், உங்களைப் பற்றி வதந்தி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொன்னபடியே நடக்கும்போது பயம் பாதியாகும். கையெழுத்துக்குப் பழைய கப்பல் மாலுமிகளின் வழி ஒன்று உண்டு: தாளின் நடுவில் கோரிக்கை, அதைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்து. முதலில் போட்டவர் யார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.