கண்மாய்க் கரையில் ஒரு கேமரா

கேள்வி: வசனமே இல்லாமல், ஆறு நிமிடத்தில் எங்கள் ஊர்க் கண்மாயைப் படமாக எடுக்க ஆசை. கையில் செல்போனும் ஒரு ஸ்டாண்டும் இருக்கின்றன. பொங்கல் லீவில் இரண்டு நாளில் முடித்துவிடலாமா? ட்ரோன் வாடகைக்கு எடுக்கட்டுமா?
– கல்லூரி மாணவர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ட்ரோன் வேண்டாம் தம்பி. வாடகைக் காசு மிஞ்சட்டும். மேலிருந்து பார்த்தால் எந்தக் கண்மாயும் வி.ஏ.ஓ. கையில் இருக்கும் வரைபடம் மாதிரிதான் தெரியும். உங்கள் ஊரில் யாரும் அதை அப்படிப் பார்த்ததில்லை. கரைமேல் நின்று பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் இடுப்பளவு தண்ணீரில் நின்று.

இரண்டு நாளில் முடியாது. மூன்று நாள் வேண்டும், அதுவும் தள்ளித் தள்ளி: டிசம்பரில் ஒன்று, பொங்கலில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. பேச்சில்லாத படத்தில் ஏதாவது ஒன்று கண்முன்னே மாறிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது நிமிடத்தில் காலண்டர் புரட்டுகிற அலுப்பு வந்துவிடும். கண்மாயில் மாறுவது தண்ணீர். அதை அளந்து காட்ட, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடையில் நிற்கும் மடைக்கல் இருக்கிறது. அதுதான் உங்கள் கதாநாயகன். மழை நன்றாகப் பெய்திருந்தால் டிசம்பரில் கழுத்துவரை முங்கி நிற்கும். வயலுக்குத் திறந்துவிடத் திறந்துவிட, பொங்கல் வாக்கில் கல்லில் பாசிக்கோடு தெரியும். ஏப்ரலில் அடிவரை காய்ந்து, சுற்றிலும் கரம்பை மண் வெடித்துக் கிடக்கும். மூன்று முறையும் ஒரே இடம், ஒரே உயரம். ஸ்டாண்டின் கால் படுகிற மூன்று இடத்திலும் செங்கல் துண்டு பதித்துவிட்டு வாருங்கள்.

கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்து மறுகால் பாய்வது எல்லா வருடமும் கிடைக்காது. கிடைத்தாலும் சில நாள்தான். ஊரிலிருந்து போன் வந்தால் அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள். (உங்கள் பேராசிரியர் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

வெளிச்சத்துக்கு வருவோம். உங்கள் பக்கத்து நிலம் பெரும்பாலும் கிழக்கே சரிவதால், கரை கிழக்கிலும் நீர்ப்பரப்பு மேற்கிலும் இருக்கும். கரையில் நின்றால் காலையில் வெயில் முதுகில் அடிக்கும், சாயங்காலம் முகத்தில். காலையில் எடுத்தால் பாசி, அலை, கல்லின் சொரசொரப்பு எல்லாம் தெரியும். சாயங்காலம் எடுத்தால் கொக்கும் பனையும் வெறும் கறுப்பு உருவமாகிவிடும். எனக்குக் காலைதான் பிடிக்கும். ஆனால் ஒரு தடவை விடியற்காலையில் பாடுபட்டு எடுத்த காட்சிகள் அத்தனையிலும் என் நிழலும் ஸ்டாண்டின் நிழலும் தண்ணீர்மேல் நீட்டிப் படுத்திருந்தன. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அதனால் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். நம் ஊரில் சூரியன் விறுவிறுவென்று ஏறிவிடும். பொன்வெயில் முக்கால் மணி நேரம் நின்றால் அதிகம்.

ஏப்ரலில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது: சீமைக்கருவேலம். கண்மாய் காய்ந்தாலும் அது பச்சையாகவே நிற்கும். கலரில் பார்ப்பவருக்கு ‘செழிப்பாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். கருப்பு வெள்ளையில் அந்தப் பச்சை வெறும் சாம்பலாகி, வெடிப்பு முன்னுக்கு வரும். நானாக இருந்தால் முழுப் படத்தையும் கருப்பு வெள்ளையிலேயே எடுப்பேன்.

ஒலியும் வேண்டாம் என்றால், காதில் விழுவதையெல்லாம் கண்ணுக்குக் காட்ட வேண்டியிருக்கும். டீசல் இன்ஜின் ஓடுவதை இன்ஜினைக் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கிற வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடும். அதை நெருங்கி எடுங்கள். காற்றுக்குப் பனையோலை இருக்கிறது. தூரத்தில் வெடி போட்டதற்கு, மரத்திலிருந்து மொத்தமாகக் கிளம்பும் காக்கைகள்.

1895-இல் சினிமா முன்னோடிகளான லூமியே சகோதரர்கள் பாரிஸில் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடிதான். கேமரா வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. நீங்களும் ஒவ்வொரு காட்சியையும் 50 விநாடி அசையாமல் ஓடவிட்டு, பிறகு அதில் 15 விநாடியைத் தேர்ந்தெடுங்கள். ஆறு நிமிடத்துக்கு 24 காட்சி போதும். செல்போன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளைக் கொக்கு ஒன்று குறுக்கே போனதும் படம் முழுக்க இருண்டு வெளுக்கும்.

தண்ணீர் வற்றி, ஊத்தாக் கூடையோடு ஊரே மீன் பிடிக்க இறங்குகிற நாளில் போனால் சேறு தெறிக்கும். லென்ஸை வேட்டி முனையால் துடைத்துவிடாதீர்கள், மணல் கீறிவிடும். பையில் கண்ணாடி துடைக்கிற துணி ஒன்று இருக்கட்டும்.