ஆர்னால்ட் பென்னட்டின் 1908

அன்புள்ள ஐயா,

ஆங்கில எழுத்தாளர் ஆர்னால்ட் பென்னட் எழுதிய ‘ஒரு நாளின் 24 மணி நேரத்தில் வாழ்வது எப்படி’ என்னும் சிறுநூலை அண்மையில் படித்தேன். அவர் நாவல்களும் நகைச்சுவை நாடகங்களும் எழுதியவர் என்பது பிறகே தெரியவந்தது. சுயமுன்னேற்ற நூல் எழுதிய கை நல்ல நாவலையும் எழுதுமா? அல்லது ஒன்று பிழைப்புக்கு, மற்றது கலைக்கு என்று கொள்வதா? அவருடைய நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பிழைப்பு, கலை என்று பிரித்துக் கோடு கிழிக்க பென்னட் நமக்கு இடம் தருவதில்லை. பணத்துக்காக எழுதுவதை அவர் ஒளித்ததே இல்லை. இரவில் கல்லாவை எண்ணும் கடைக்காரரைப்போல, எழுதிய சொற்களை எண்ணி வைத்தவர் அவர். 1908 டிசம்பர் 31 அன்று நாட்குறிப்பில் அவ்வாண்டின் கணக்கைப் பதிந்திருக்கிறார்: ஒரு நகைச்சுவை நாவல், ஒரு பெரிய நாவலில் முக்கால் பங்கு, ஒரு நாடகம், இரண்டு வழிகாட்டி நூல்கள், ஆறேழு சிறுகதைகள், அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள், மொத்தம் 4,23,500 சொற்கள். நீங்கள் படித்த நூலும் அதே ஆண்டில் வந்ததுதான்.

அந்தப் பெரிய நாவல் ‘தி ஓல்ட் வைவ்ஸ் டேல்’. 1903இல் பாரிஸ் உணவகம் ஒன்றில், கையில் இருந்த சிறு பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கீழே தவறவிட்டபடி, உட்கார்ந்த இருக்கை பிடிக்காமல் வேறொன்றுக்கு மாறிய பருத்த கிழவி ஒருத்தியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். இவளும் ஒரு காலத்தில் இளமையோடும் ஒருவேளை அழகோடும் இருந்திருப்பாளே என்று பென்னட்டுக்குத் தோன்றியது. தம் மேசைக்கு வழக்கமாகப் பரிமாறும் நடுவயதுப் பெண் சிரித்தது அவரைப் பாதிக்கவில்லை. தாம் ஒருமுறைகூடப் பேசியிராத அழகிய இளம் பணிப்பெண்ணும் சேர்ந்து சிரித்ததுதான் உறுத்தியது என்று முன்னுரையில் சொல்கிறார். ஒருநாளும் கிழவியாக மாட்டோம் என்பதுபோன்ற அந்தச் சிரிப்பிலிருந்துதான், ஒரு ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்த இரு சகோதரிகளின் முழு வாழ்க்கையைச் சொல்லும் நாவல் பிறந்தது என்பது என் எண்ணம். தன்னை நடுவழியில் கைவிட்டுப்போன கணவனைப் பல பத்தாண்டுகள் கழித்துப் பிணமாகக் காணும் சோஃபியாவுக்கு, அச்சகோதரிகளில் ஒருத்திக்கு, கோபம் வருவதில்லை. இவன் இளைஞனாக இருந்தான், கிழவனானான், இப்போது இறந்துவிட்டான் என்பது மட்டுமே அவள் நெஞ்சை உலுக்குகிறது.

உங்கள் சிறுநூலின் பொருளும் இதே காலம்தான், ஆனால் அங்கே அது குமாஸ்தாவின் கடிகாரத்தில் ஓடுகிறது. லண்டனில் வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதால், பத்து மணி முதல் ஆறு மணி வரை மட்டுமே ‘நாள்’ என்று எண்ணி, மீதிப் பதினாறு மணி நேரத்தை வெறும் ஓரமாக ஒதுக்கும் மனிதனை அவர் உள்ளும் புறமும் அறிந்திருந்தார். காலையில் அரைமணி நேரமாக ஆறு நாள், மாலையில் ஒன்றரை மணி நேரமாக மூன்று நாள், ஆக வாரத்துக்கு ஏழரை மணி நேரம் என்று அவர் கணக்குச் சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த நேரத்தில் படிக்கத்தக்கவற்றிலிருந்து நாவல்களை அவர் விலக்கிவிடுகிறார். நல்ல நாவல் வாசகனின் மூளையை வருத்தாது என்பது அவர் கட்சி. தம் மிகச் சிறந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த ஆண்டில் இப்படிச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். அவருடைய எல்லா வழிகாட்டி நூல்களும் இந்தத் தரத்தில் இல்லை. சிலவற்றில் பத்திரிகைப் பத்தியின் அவசரம் அப்பட்டமாகத் தெரியும்.

நாட்குறிப்பில் அவர் சொல்லும் நகைச்சுவை நாவல் ‘பெரீட் அலைவ்’. கூச்ச சுபாவமுள்ள புகழ்பெற்ற ஓவியர் ஒருவர், தம் வேலைக்காரன் இறந்தபோது இறந்தது தாமே என்று மருத்துவர் தவறாக எண்ணியதைத் திருத்தாமல் விட்டுவிட, வேலைக்காரன் பிரிட்டனின் பெருமக்களை அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கமாகிறான். ஓவியரோ தம் இறுதிச்சடங்கைத் தாமே பார்த்து அழுகிறார். இக்கதையைத்தான் பென்னட் பின்னர் ‘தி கிரேட் அட்வென்ச்சர்’ என்னும் நாடகமாக்கினார். 1913இல் அது லண்டனில் மேடையேறி நன்றாக ஓடியது.

நீங்கள் ‘பெரீட் அலைவ்’ நாவலிலிருந்து தொடங்குங்கள். அதற்கு இரண்டு மாலைப்பொழுது போதும். ‘தி ஓல்ட் வைவ்ஸ் டேல்’ நாவலுக்கு அவர் கணக்குப்படி மூன்று வாரமாவது வேண்டும், அந்த ஏழரை மணி நேரத்தில் நாவல் படிக்கக் கூடாது என்ற அவர் விதியை நீங்கள் மீறத் துணிந்தால்.